ஏணியும் படியும்

'போலி' என்ற சொல்லை இன்று நாம் வசையாகவே கேட்கிறோம். போலி மருந்து, போலிப் பத்திரம், போலிச் சான்றிதழ். இலக்கண நூலார் அச்சொல்லை வேறு பொருளில் ஆண்டனர். நிலம் என்பது நிலன் என்று வந்தாலும், பந்தல் என்பது பந்தர் என்று வந்தாலும், மயல் மையலானாலும் பொருள் மாறுவதில்லை. ஓர் எழுத்து நின்ற இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நின்று, முன்னதன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் போலி. இரண்டு பொருளுக்கும் வேர் 'போல்' என்பதுதான். ஒன்றில் அது ஏமாற்று. மற்றொன்றில் அது ஒப்பு.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒரு மின்னிசைக் கருவிக்கு இன்று கணினி நிரலாகவும், கைபேசிச் செயலியாகவும், சிறு பெட்டியாகவும் பல படிகள் வந்திருக்கின்றன. அவை எந்தப் பொருளில் போலி என்று கேட்பதே இக்கட்டுரையின் வேலை. கருவியின் பெயர் மினிமோக், மாடல் டி. இதை மெல்லத்தான் அணுக வேண்டும். எதைப் படியெடுத்தார்கள் என்று தெரியாமல், படி சரியா என்று சொல்ல முடியாது.

கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ராபர்ட் மோக் நியூயார்க்கில் 1934-இல் பிறந்தவர். பலர் 'மூக்' என்று சொன்னாலும் அவர் தம் பெயரை 'மோக்' என்றே ஒலித்தார். இளமையில் தெரமின் என்னும் மின்னிசைக் கருவிகளைச் செய்து விற்றார். 1964-இல் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து தம் முதல் சிந்தசைசரை உருவாக்கினார். அது அலமாரி அளவு வளரக்கூடியது. தனித்தனிப் பகுதிகளாக நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி செருகினால்தான் ஒலி பிறக்கும். 1968-இல் வெண்டி கார்லோஸ் 'சுவிட்ச்டு-ஆன் பாக்' இசைத்தட்டை அத்தகைய கருவியில்தான் வாசித்துப் பதிந்தார். ஆனால் அதை மேடைக்குத் தூக்கிச் செல்வது பெரும் பாடு. மோக்கின் நிறுவனம் இருந்த டிரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில், பில் ஹெம்சத் என்ற பொறியாளர் ஒதுங்கிக் கிடந்த பகுதிகளைச் சேர்த்து, கட்டைகளோடு ஒரே பெட்டியில் அடக்கி ஒரு முன்மாதிரி செய்தார். அது மாடல் ஏ. பி, சி என்று நகர்ந்து, 1970-இன் இறுதியில் டி உருவானது. கம்பிகளின் இடத்தில் உள்ளே நிலையான இணைப்புகள் வந்தன. விலை 1,495 டாலர். 1981 வரை ஏறத்தாழ 12,000 கருவிகள் வெளிவந்தன.

இனி சொல்லுக்குள் செல்வோம். இக்கருவியை அனலாக் சிந்தசைசர் என்கிறார்கள். இரண்டுமே கிரேக்க வேர் உடையவை. 'சிந்தசிஸ்' என்பது சேர்த்து வைத்தல். நம் 'தொகை' அதற்கு மிக நெருங்கிய சொல். 'அனலாக்' என்பதன் அடியில் இருப்பது விகித ஒப்புமை. நாதசுரத்திலிருந்து ஒலி எழும்போது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அதைப் போலவே ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறி இறங்குமாறு செய்தால், அந்த மின்னழுத்தம் ஒலியின் ஒப்பாகிறது. ஒலிபெருக்கி அதை மறுபடி காற்றாக்கித் தருகிறது. ஆக, 'போல்' என்னும் வேர் படிகளில் மட்டும் இல்லை; அசலின் நெஞ்சிலேயே இருக்கிறது. அசல் என்று நாம் போற்றும் கருவியே ஒப்புமையால் ஆனது.

அந்த ஒப்புமையின் பாதை நேரானது. மூன்று அலையியற்றிகள் அலைகளை எழுப்புகின்றன. இரைச்சல் எழுப்பும் பகுதி ஒன்றும் உண்டு. கலப்பான் இவற்றைச் சேர்க்கிறது. சேர்ந்தது வடிப்பான் வழியாகச் சென்று, பெருக்கியில் முடிகிறது. முகப்பில் இடமிருந்து வலமாகக் குமிழ்கள் இதே வரிசையில் அமைந்திருக்கின்றன. கண் செல்லும் வழியும் ஒலி செல்லும் வழியும் ஒன்று. கருவியைத் தொட்டறியாதவரும் அரை மணி நேரத்தில் அதைப் புரிந்துகொள்வதற்கு இதுவே காரணம். இன்றுவரை எண்ணற்ற சிந்தசைசர்கள் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன.

இப்பாதையில் நாம் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் வடிப்பான். 'வடி' என்ற வினை தமிழில் அரிய இரட்டைப் பொருள் உடையது. கஞ்சி வடித்தல், கள் வடித்தல் என்றால் வேண்டாததை நீக்குதல். சிலை வடித்தல் என்றால் உருவாக்குதல்; வடிவம் என்ற சொல்லும் அந்த அடியில் நிற்கிறது. நீக்குவதே உருவாக்குவது என்ற செய்தியை இந்த ஒரு வினை தன்னுள் வைத்திருக்கிறது. மினிமோக்கின் முறையும் அதுதான்: முதலில் நிறைந்த ஒலி, பிறகு அதிலிருந்து செதுக்கல்.

எண்ணால் பார்ப்போம். 110 ஹெர்ட்ஸில் ஒரு ரம்பப்பல் அலையை எழுப்புகிறோம். அதற்குள் 220, 330, 440 என்று சீரிசைகள் அடுக்காக இருக்கும். இரண்டாவதன் வீச்சு முதலாவதில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒன்று, நான்காவது நான்கில் ஒன்று. வடிப்பானின் வரம்பை 440-இல் வைக்கிறோம். அதற்குக் கீழுள்ளவை பெரும்பாலும் தப்பிச் செல்கின்றன. மேலே உள்ளவை ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 24 டெசிபல் என்ற கணக்கில், அதாவது ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக, சரிகின்றன: 880-இல் பதினாறில் ஒன்று, 1,760-இல் 256-இல் ஒன்று. இது செங்குத்தான சரிவு. குமிழைத் திருகி வரம்பை மேலே நகர்த்தினால் மூடியிருந்த வாய் மெல்லத் திறப்பது போலக் கேட்கும். நாம் 'ஊ'விலிருந்து 'ஆ'வுக்கு வரும்போது வாய் செய்யும் வேலைக்கு நெருங்கிய வேலை அது. அதனால்தான் இதன் ஒலியில் ஓர் உயிரெழுத்தின் சாயல் நம் செவிக்குப் படுகிறது.

இந்தச் சரிவு எவ்வாறு கிடைக்கிறது? மோக் 1969-இல் காப்புரிமை பெற்ற சுற்று ஒன்றினால். வரைபடத்தில் அது ஏணி போலவே இருக்கும். இரு பக்கமும் டிரான்சிஸ்டர்கள் சோடி சோடியாக மேலேறுகின்றன. ஒவ்வொரு சோடிக்கும் இடையில் ஒரு மின்தேக்கி, ஏணியின் குறுக்குச் சட்டம்போல. இத்தகைய படிகள் நான்கு. ஒவ்வொன்றும் 6 டெசிபல் வடிக்க, நான்கும் சேர்ந்து 24. ஏணியின் அடியிலிருந்து மின்னோட்டம் கூடினால் டிரான்சிஸ்டர்களின் உள்தடை குறைகிறது. மின்தேக்கிகள் விரைவாக நிரம்பி விரைவாக வடிகின்றன. உயர்ந்த அதிர்வெண்களும் தப்பிச் செல்கின்றன. ஆகவே ஒரு மின்னழுத்தத்தைக் கொண்டே வடிப்பானின் வாயைத் திறக்கவும் மூடவும் முடிகிறது. உச்சியில் கிடைப்பதில் ஒரு பங்கைத் திருப்பி அடியில் சேர்த்தால் வரம்பை ஒட்டிய அதிர்வெண்கள் மட்டும் எழும்பி ஒலிக்கும். இதுவே பின்னூட்டம். அதை மிகுதியாக்கினால், உள்ளே எதுவும் வராதபோதும் வடிப்பானே தனியாகப் பாடத் தொடங்கும். அப்படி மிகுதியாக்கும்போது கீழ்ச்சுரத்தின் பலம் சற்று இறங்கும். பாடநூல் கணக்கில் இது குறை. மினிமோக்கை வாசிப்பவருக்கோ இது அதன் குணம். அவர் கை அதற்கேற்ப மற்ற குமிழ்களைத் திருத்திக்கொள்ளும்.

இங்கே இன்னோர் அடுக்கு திறக்கிறது. டிரான்சிஸ்டர் மிகச் சிறிய மின்னழுத்தத்துக்குத்தான் நேர்விகிதமாக நடந்துகொள்ளும். சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அலையின் உச்சி மழுங்கும். மழுங்கிய அலையில், முன்பு இல்லாத புதிய சீரிசைகள் பிறக்கும். மினிமோக்கில் கலப்பானிலிருந்து வடிப்பானுக்குச் செல்லும் அலை, வடிவமைத்தவர்கள் எண்ணியதைவிட உரக்கவே செல்கிறது. மூன்று அலையியற்றிகளையும் முழுதாகத் திறந்தால் ஏணி திணறுகிறது. அந்தத் திணறலைத்தான் கேட்பவர்கள் 'தடித்த ஒலி' என்கிறார்கள். பார்லமெண்ட் என்ற இசைக்குழுவில் பெர்னி வொரல் வாசித்த தாழ்ந்த சுரங்களின் திண்மைக்குப் பின்னால் இருப்பது இதுதான். வாசிப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: காதொலிப்பானுக்கான வெளிவாயை ஒரு கம்பியால் கருவியின் உள்வாயில் செருகி, தன் ஒலியைத் தானே விழுங்கச் செய்தார்கள். கருவியைச் செய்தவர்கள் எழுதாத இலக்கணம் இது, வழக்கால் வந்தது.

மழுங்கல் ஓர் இயல்பு என்றால் நழுவல் மற்றொன்று. ஓர் அலையியற்றி 220 ஹெர்ட்ஸிலும் மற்றொன்று 220.5 ஹெர்ட்ஸிலும் ஒலித்தால், இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி தணிந்து எழும். பள்ளி இயற்பியல் நூல்கள் இதனை 'விம்மல்' என்கின்றன. அந்தச் சொல்லை ஆக்கியவரை நான் மனமார வணங்குகிறேன். விம்முதல் என்றால் பொங்கிப் பெருத்தல், தேம்புதலும்கூட. இரண்டும் அந்த ஒலியில் உண்டு. ஆனால் மினிமோக்கின் விம்மல் கடிகாரம் போல் ஒழுங்காக வராது. சுரத்தை நிர்ணயிக்கும் சுற்று வெப்பத்தோடு சேர்ந்து நகர்வது. ஒரு வோல்ட்டுக்கு ஓர் எண்மம் (அதிர்வெண் இரட்டிப்பு) என்ற கணக்கு, அறை சூடானால் சற்றுத் தவறும். தொடக்கக் காலக் கருவிகளில் இது பெரிய தொல்லை. பின்னால் அலையியற்றிப் பலகையையே மாற்றினார்கள். முகப்பில் 440 ஹெர்ட்ஸ் சுருதியை ஒலித்துக் காட்டும் விசை ஒன்று வைக்கப்பட்டதும் சும்மா இல்லை. தம்புராவின் துணையைப் போல அதைக் கேட்டுச் சுருதி சேர்த்தார்கள்.

இவ்வளவும் சொன்னபின் படிகளுக்கு வருகிறேன். 'படி' என்பதும் கவனிக்கத்தக்க சொல். படியெடுத்தல் என்றால் பிரதி செய்தல். ஏணியின் ஒவ்வொரு நிலையும் படிதான். இந்தக் கருவியைப் படியெடுக்க வந்தவர்கள் அனைவரும் அந்த நான்கு படிகளில்தான் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

ஒரு சாரார் பொருளைக் கொண்டு படியெடுத்தார்கள். மோக்கின் நிறுவனம் 2016-இல் வட கரோலினாவின் ஆஷ்வில்லில் மாடல் டி-யை மறுபடி செய்தது; அடுத்த ஆண்டு நிறுத்தி, 2022-இல் மீண்டும் தொடங்கியது. பழைய சுற்று, பழைய மரச்சட்டம். ஆயினும் எழுத்துக்கு எழுத்து அல்ல. வாசிப்பவர்கள் வெளியே கம்பி செருகிச் செய்த அந்தப் பின்னூட்டம் உள்ளேயே இணைக்கப்பட்டது, வழக்கு இலக்கணமாயிற்று. பெரிங்கர் நிறுவனம் 2018 வாக்கில் அதே சுற்றைக் கைக்கடக்கமான பெட்டியில், கட்டைகள் இல்லாமல், ஏறத்தாழ 300 டாலருக்குத் தந்தது. உறுப்புகள் அரிசிமணியிலும் சிறியவை, இயந்திரம் ஒட்டியவை. எனினும் அங்கும் டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராகவே திணறுகிறது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் ஏணி இன்று பொதுச்சொத்து.

மற்றொரு சாரார் கணக்கைக் கொண்டு படியெடுத்தார்கள். என் ஆர்வம் பெரிதும் இவர்கள்மீது. பொருள் இல்லாமல் பொருளின் குணத்தை மட்டும் கொண்டுவருவது கடினமான தொழில். அதில் தோல்விகள் நமக்குக் கற்றுத்தந்தவை ஏராளம்.

முதல் தடை அலையிலேயே. கணினி ஒலியை வழக்கமாக நொடிக்கு 44,100 மாதிரிகளாக அறிகிறது. அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் அதனால் உண்மையாகச் சொல்ல முடியாது. 1,000 ஹெர்ட்ஸ் ரம்பப்பல் அலையைச் சூத்திரப்படி அப்படியே எழுதினால், அதன் நாற்பதாவது சீரிசை 40,000 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். இடமில்லாததால் அது மடிந்து 4,100 ஹெர்ட்ஸாகத் திரும்பி வருகிறது. 4,100 என்பது ஆயிரத்தின் மடங்கு இல்லை. ஆகவே சுருதியில் சேராத ஒரு கீச்சல் கேட்கிறது. திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதற்கும் காரணம் இதுவே. இதைத் தீர்க்க, அலையின் செங்குத்தான முனையை மிக நுட்பமாக உருட்டும் முறைகள் வகுக்கப்பட்டன. உள்ளே பலமடங்கு மாதிரிகளில் கணக்கிட்டு வெளியே குறைத்துத் தரும் முறையும் வந்தது.

இரண்டாவது தடை ஏணியில். மின்சுற்றில் உச்சியின் ஒலி அதே கணத்தில் அடிக்குத் திரும்புகிறது. கணினியிலோ உச்சியைக் கணக்கிட அடி வேண்டும். அடியைக் கணக்கிட உச்சி வேண்டும். ஒரு மாதிரி நேரம் தாமதித்துத் திருப்பினால் சிக்கல் அவிழும். ஆனால் நொடியின் 44,100-இல் ஒரு பங்கான அந்தத் தாமதமே உயர்ந்த சுரங்களில் பின்னூட்டத்தின் சுருதியைத் தவறச் செய்துவிடும். 1996-இல் டிம் ஸ்டில்சனும் ஜூலியஸ் ஸ்மித்தும் இந்த வடிப்பானைக் கணினிக்குக் கொண்டுவரும் சிக்கலை ஆராய்ந்தார்கள். 2004-இல் ஆன்ட்டி ஹூவிலைனன் ஒவ்வொரு படியின் மழுங்கலையும் கணக்கில் சேர்த்துக் காட்டினார். பின்னர், தெரியாத விடையைச் சமன்பாட்டின் இருபுறமும் வைத்து ஒவ்வொரு மாதிரிக்கும் தீர்ப்பது என்ற வழி பரவியது. அதைத் தெளிவாக எழுதி வைத்தவர்களில் வாடிம் ஸவலிஷின் குறிப்பிடத்தக்கவர். 2013-இல் நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வெளியிட்ட 'மோனார்க்' நிரல் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே ஆர்டூரியா நிறுவனத்தின் நிரல் வந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பத்தாண்டில் கணக்கு எவ்வளவு ஆழம் சென்றது என்பதைச் செவியே சொல்லும். 2018-இல் மோக்கின் நிறுவனமே செயலி ஒன்றை வெளியிட்டது. 2020-இல் ஊரடங்குத் தொடக்கத்தில் சில நாள் அதை இலவசமாகவும் கொடுத்தது.

இந்த இடத்தில் 'அசல்' என்ற சொல்லையும் சோதிக்க வேண்டும். அரபியிலிருந்து நம்மிடம் வந்த அச்சொல்லுக்கு அங்கே வேர் என்று பொருள். நம் கருவிக்கு வேர் ஒன்றா? அலையியற்றிப் பலகை இடையில் மாறியது. ஒரே பலகையிலும் மின்தடைகளின் அளவு சில விழுக்காடு கூடும், குறையும். ஐம்பதாண்டில் மின்தேக்கிகள் உலர்கின்றன. பழுது பார்த்தவர் கையில் கிடைத்ததை வைத்திருப்பார். பன்னிரண்டாயிரம் கருவிகளில் முற்றிலும் ஒத்த இரண்டைக் காண்பது அரிது. ஒரு நிரலை எழுதுபவர் தம் மேசையில் இருக்கும் ஒரு மினிமோக்கை அளக்கிறார். அவர் எடுப்பது இனத்தின் படி இல்லை. குறிப்பிட்ட ஒன்றன், குறிப்பிட்ட வயதில், படி. 'அசலைப் போல இல்லை' என்று ஒருவர் சொன்னால், எந்த அசல் என்று கேட்பது குதர்க்கம் ஆகாது; முறையான கேள்வி.

அப்படியானால் ஒப்பிடுவது எதை? ஒரே ஒரு சுரத்தைப் பதிந்து இரண்டையும் மாறி மாறிக் கேட்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நான் போதுமானதாகக் கருதவில்லை. நிலம், நிலன் என்ற போலியைத் தனிச் சொல்லாக வைத்துச் சோதிக்க முடியாது. தொடரில் வைத்துத்தான் பொருள் மாறவில்லை என்று காண்கிறோம். இசைக்கருவிக்குத் தொடர் என்பது வாசிப்பு. கலப்பானை முழுதாகத் திறக்கும்போது எப்படித் திணறுகிறது, பின்னூட்டத்தைக் கூட்டும்போது கீழ்ச்சுரம் எப்படி இறங்குகிறது, குமிழைக் கால்வட்டம் திருப்பினால் ஒலி எவ்வளவு நகர்கிறது: இவற்றில் பொருள் மாறாதது இலக்கணப் போலி, மாறியது வெறும் போலி. இந்த அளவுகோலில், நல்ல நிரல்கள் இன்று முதல் வகையை எட்டிவிட்டன என்பதே என் முடிவு. குறை இருப்பது பெரும்பாலும் ஒலியில் அல்ல, கையில். நாற்பதுக்கு மேற்பட்ட குமிழ்களும் விசைகளும் கொண்ட முகப்பைச் சுட்டியால் ஒவ்வொன்றாகத் தொடும்போது, இரு கைகளும் சேர்ந்து செய்த வேலை தொலைந்துபோகிறது.

கையைப் பற்றிய செய்தி ஒன்று பாக்கி. இடப்பக்கம் இருக்கும் இரு சக்கரங்களில் ஒன்று சுரத்தை வளைப்பது. இசைக்கலைஞர் யான் ஹாமர் அதைக் கொண்டே கித்தார்த் தந்தியை இழுப்பது போன்ற கமகங்களை எடுத்தார். பழைய கருவியில் அந்தச் சக்கரத்துக்கு வில் இல்லை; விட்டால் தானாக நடுவுக்கு வராது; விரல்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். 2022-இல் வந்த மறுபதிப்பில் வில் வைத்தார்கள். சுருதி தவறாது என்பது ஆதாயம். வளைத்த இடத்திலேயே நின்று, அங்கிருந்து இன்னும் வளைக்கும் பழைய விரல்வழக்கம் அதனால் வேறாகிறது.

கட்டைகளும் அப்படியே. மினிமோக்கில் 44 கட்டைகள்; ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். இரண்டை அழுத்தினால் தாழ்ந்ததற்கே முதலிடம். பிற்காலக் கருவிகள் பலவற்றில் கடைசியாக அழுத்தியதற்கு முதலிடம். நிரல்களில் இது எங்கோ ஒரு மூலையில் மாற்றக்கூடிய விருப்பமாக இருக்கும். உங்கள் கையில் இருக்கும் படியைச் சோதிக்க விரும்பினால் இதிலிருந்து தொடங்கலாம். ஒரு தாழ்ந்த கட்டையை அழுத்திப் பிடியுங்கள். விடாமல், மேலே ஒரு கட்டையையும் அழுத்திப் பிடியுங்கள். ஒலி மேலே தாவினால், அந்த விருப்பத்தைத் தேடித் திருத்துங்கள். அசையாமல் நின்றால், தாழ்ந்த விரலை இப்போது எடுங்கள்: புதிய சுரம், புதிதாக மீட்டியதுபோல் எழாமல், பழைய சுரத்தின் மூச்சிலேயே தொடர்ந்து வரவேண்டும். பிறகு வடிப்பானின் வாயைச் சற்று மூடி, மூன்று அலையியற்றிகளையும் திறந்து, அதே இரண்டு கட்டைகளை இன்னொரு முறை வாசியுங்கள்.